நாடா கோக்கும் கம்பி

சுண்டுவிரலைவிடச் சற்று நீளம் இருக்கும். ஒரு நுனியில் பச்சைப்பயறு அளவுக்கு எஃகுக் குமிழ். மறு நுனியில் சங்கிலிக் கொக்கி மாதிரி ஒரு சின்னப் பூட்டு. இரண்டுக்கும் நடுவே, சைக்கிள் பிரேக் கம்பியைப் போல முறுக்கி முறுக்கிச் செய்த, வளைந்து கொடுக்கிற கம்பி. துருப்பிடிக்காத, வழவழப்பான, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத பொருள். அதை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். முதல் தடவை டெய்லர் அண்ணனின் கடைச் சுவரில், ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை அவருடைய உள்ளங்கையில் இருந்தது.

முதல் தடவை பார்த்தபோது அது என்னவென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்தக் குமிழுக்குள் இருந்தது கதிர்வீச்சுப் பொருள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுபோல இரும்புக் குழாயின் பற்றவைப்பைப் படம் பிடித்துப் பார்க்க அதைப் பயன்படுத்துவார்கள். கனமான ஈயப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். வேலைக்கு மட்டும் ஒரு நீண்ட ரப்பர் குழாய் வழியே வெளியே தள்ளி, முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் அது உள்ளே போகவில்லை. பூட்டு சரியாகக் கவ்வாமல் மணலில் விழுந்திருக்கிறது. இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிய வந்தவை. படிப்பவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்வதுதான் நியாயம் என்று தோன்றுவதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் யாருக்கும் அந்த நியாயம் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. அபுதாபிக்கு மேற்கே, கடலை ஒட்டிப் போகும் சாலையிலிருந்து பாலைவனத்துக்குள் திரும்பினால், எங்கள் கேம்ப். எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலை. நான் டைம் கீப்பர். யார் எந்த சைட்டுக்கு டியூட்டிக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. கேம்ப் என்று பெயரே தவிர அது ஓர் ஊர்தான். பெண்களும் குழந்தைகளும் இல்லாத ஊர். தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடும் பாகிஸ்தான் பட்டான் ஒருவர் இருந்தார். எண்ணெய்ப் பீப்பாய்களைப் பாதியாக வெட்டி அவற்றில் துணி துவைக்கும் ஆந்திராக்காரர் இருந்தார். தண்ணீர் லாரி ஓட்டும் மலையாளி டிரைவர் காலையில் ஹாரன் அடித்தபடி வருவார். தார்ப்பாய் நிழலில் முடிவெட்டும் பார்பர் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம். இவர்களெல்லாம் குழாய் வேலைக்கு வந்தவர்கள் அல்லர். குழாய் வேலைக்கு வந்தவர்கள் மனிதர்களாக இருப்பதற்காக வந்தவர்கள். நாள் முழுக்க இரும்போடும் மணலோடும் கிடந்தவன் சாயங்காலம் ஒரு ரொட்டியையும் சவரத்தையும் துவைத்த சட்டையையும் பார்த்தால்தான் தன்னை மறுபடி அடையாளம் கண்டுகொள்வான்.

அந்த ஊரின் நடுப்புள்ளி டெய்லர் அண்ணன் கடை. பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். நாற்பது வயதுக்குள்தான். ஒல்லி, காதோரம் மட்டும் நரை. கம்பெனி அவரை எடுத்தது தார்ப்பாய் தைக்கவும் கிழிந்த ஓவராலை ஒட்டுப்போடவும். மிச்ச நேரத்தில் எல்லோருக்கும் துணி தைத்தார். பிளைவுட் பலகை அடித்த சின்ன அறை. ஒரு தையல் மெஷின், கரி இஸ்திரிப் பெட்டி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மேசை மின்விசிறி. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் நாற்காலி. விசிறியும் பாட்டும் உள்ள இடம் என்பதால் டியூட்டி முடிந்தவர்கள் அங்கேதான் வந்து உட்காருவார்கள். போகிறவனையும் டெய்லர் அண்ணன் விடமாட்டார். "எங்கிட்டுப் போறீக? வாங்க, உக்காந்துட்டுப் போங்க" என்று மெஷினை மிதித்தபடியே கூப்பிடுவார். அந்தக் குரலுக்கு மறுத்துப் போனவர் யாரையும் நான் கண்டதில்லை. பட்டான்கூடத் தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கம்பியை மணலில் கண்டெடுத்தவர் பள்ளம் தோண்டும் கோஷ்டியில் வேலை செய்த ஓர் இளைஞர். டெய்லர் அண்ணனுக்குப் பக்கத்து ஊர். பளபளப்பாக இருக்கிறதே என்று எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்று முழுக்க மண்வெட்டி பிடித்திருக்கிறார். சாயங்காலம் முழங்கால் கிழிசலைத் தைக்க வந்தபோது பையிலிருந்து எடுத்து மெஷின் மேல் வைத்தார். டெய்லர் அண்ணன் அதை விரலால் வளைத்துப் பார்த்தாராம், குமிழை உருட்டிப் பார்த்தாராம், பிறகு முகம் மலர்ந்துவிட்டதாம். பட்டான்கள் உடுத்துகிற சல்வாருக்கு இடுப்பில் நாடா கோக்க வேண்டும். அந்த அகலமான இடுப்புப்பட்டிக்குள் நாடாவைத் தள்ளிக்கொண்டு போக அதுவரை ஒரு மூங்கில் குச்சியைத்தான் வைத்திருந்தார். அது துணியில் சிக்கும், முறியும். இந்தக் கம்பியோ கொக்கியில் நாடாவை மாட்டினால், மொழுமொழுவென்ற தலையோடு பாம்பு மாதிரி உள்ளே ஓடி மறுபக்கம் வந்துவிடும்.

"நாடா கோக்குறதுக்குன்னே செஞ்சு வச்சாப்புல இருக்கு, பாத்தீகளா" என்று வருகிற போகிற எல்லோரிடமும் காட்டினார். பலகைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, வேலை இல்லாத நேரத்தில் அதில் தொங்கவிட்டார். மெஷினில் உட்கார்ந்தால் அவர் முகத்துக்கு நேராக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் நாற்காலி.

அந்த நாட்களில் நான் அவர் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். காரணத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகிறேன், பெண் பார்க்க ஏற்பாடு. துபாயிலிருந்து நல்ல துணி வரவழைத்து ஒரு பெல்பாட்டம் தைக்கக் கொடுத்தேன். கீழே இவ்வளவு அகலம் வேண்டும் என்று கையை விரித்தே காட்டியிருந்தேன். வாங்கப் போனால் சாதாரணக் கால்சட்டை. "ஒங்க ஒசரத்துக்கு அது எடுக்காது தம்பி. பொண்ணு வீட்டுக்காரக சிரிப்பாக. நாந்தான் கொஞ்சம் புடிச்சுட்டேன்" என்றார், பெஞ்சில் நிறைந்திருந்த ஆட்கள் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. துணியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றுதான் ஆணியில் அந்தக் கம்பி தொங்கியதைப் பார்த்தேன். கோபத்தில் இருக்கும்போது கண் எதையாவது பற்றிக்கொள்ளும், அதைப் பற்றிக்கொண்டது. பிறகு அவர் மெஸ் வாசலில் பார்த்து இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். டீ கொடுத்தனுப்பினார். நான் இறங்கி வரவில்லை.

கண்டெடுத்த இளைஞர் சில நாளில் ஊருக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்திருந்தது. தொடையில் ஏதோ கொப்புளம் என்று நொண்டியபடிதான் லாரி ஏறினார். பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தோம்.

அதற்குப் பின்தான் இரண்டு பேர் வந்தார்கள். பற்றவைப்பைப் படம் பிடிக்கிறவர்களை நாங்கள் எக்ஸ்ரே பார்ட்டி என்போம். கேம்ப்பில் தங்கமாட்டார்கள், எங்கிருந்தோ வண்டியில் வந்து போவார்கள். வேறு சைட்டுக்குப் போய்விட்டவர்கள் திடீரென்று திரும்பி வந்தார்கள். ஆளுக்கொரு சின்னப் பெட்டியை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு, குழாய் வழி நெடுகத் தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். காலையில் ஒரு கோடியில் தொடங்குவார்கள். வெயில் உச்சிக்கு வரும்போது தூரத்தில் இரண்டு புள்ளிகளாகத் தெரிவார்கள். மறுநாளும் அதே வழி. யாரோடும் பேசவில்லை. குழாய் வழி எங்கள் கேம்ப்பிலிருந்து எட்டத்தில் இருந்தது என்றாலும் மணல்வெளியில் எதையும் மறைக்க முடியாது; எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தண்ணீர் பார்க்கிறார்கள் என்றார் ஒருவர். பழைய சண்டைக் காலத்துக் குண்டு புதைந்திருக்கிறது என்றார் இன்னொருவர். "மோதிரத்தத் தொலச்சுட்டாவ போல" என்றார் அண்ணாச்சி. டெய்லர் அண்ணன் கடை வாசலில் நின்று, புருவத்துக்கு மேல் கையை வைத்து அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் என் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கண்டேன். இன்னொரு கையில் நாடா கோத்துக்கொண்டிருந்த துணி இருந்தது.

என் நோட்டில் எழுத வேண்டியிருந்ததால் அவர்களில் ஒருவரிடம் என்ன வேலை என்று கேட்டேன். வெயிலில் தோல் உரிந்த வெள்ளைக்காரர். என் கண்ணைப் பார்க்காமல் சர்வே என்றார். கேம்ப் பாஸிடம் கேட்டேன். அவரும் சர்வே என்றார். நான் சர்வே என்று எழுதினேன்.

கேம்ப்பில் முதலில் மாறியது டெய்லர் அண்ணனின் கைதான். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து, தோல் தடித்து, நீர் கோத்தது. இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று அவரே சொன்னார். எப்போது சுட்டது என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "அதான் நெனப்பு வரமாட்டேங்குது" என்றாராம். சோறு இறங்கவில்லை. சாப்பிட்டதும் வெளியே வந்து வாந்தி எடுத்தார். மெஷின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. முன்பெல்லாம் சாயங்காலம் மெஸ் வரிசையில் நிற்கும்போது அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு வரி ஓடும், நிற்கும், நெடுநேரம் ஒன்றும் இருக்காது, மறுபடி ஓடும். நாங்கள் தட்டோடு அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினோம்.

பிறகு அண்ணாச்சிக்கு முடி கொட்டியது. ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிறவர், தன் தலையைத் தடவிக் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "என்ன எழவோ தெரியல, பிடுங்காமலே வருது" என்று ஆபீஸுக்கு வந்து என்னிடம் கையை விரித்துக் காட்டினார். கை நிறைய முடி. அவருக்கும் குமட்டல். பெஞ்சில் வழக்கமாக உட்காருகிற சிலருக்கும் உடம்பு அசதி. தண்ணீரில்தான் ஏதோ என்று பேச்சு கிளம்பியது. லாரிக்காரர் பெட்ரோல் ஏற்றிய டேங்கில் தண்ணீர் கொண்டு வருகிறார் என்றார்கள். ஒரு நாள் காலை அவர் ஹாரன் அடித்து வந்தபோது யாரும் வாளியை எடுக்கவில்லை. அந்த அமைதியைப் பார்த்து அவர் வண்டியை விட்டு இறங்கினார். இறங்கியிருக்கக் கூடாது. யாரோ சட்டையைப் பிடித்தார்கள், யாரோ அடித்தார்கள். உதட்டில் ரத்தத்தோடு அவர், "ஞானும் இதே வெள்ளந்தன்னே குடிக்குந்நது!" என்று கத்தி, எல்லோர் கண் முன்னாலும் குழாயைத் திறந்து குடித்துக் காட்டினார். அவர் சொன்னது உண்மை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தந்தூர் அடுப்பை விட்டு நகர முடியாதபடி வேலை கூடியதால் கடைக்கு வருவதைக் குறைத்திருந்த பட்டானுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. கடைக்கு வராமல் தனியாக இருந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தோம். அப்போது அதை யாரும் கோத்துப் பார்க்கவில்லை.

எங்களுக்கு விடை கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில். லீவு நாள் என்பதால் கேம்ப் நிறைய ஆட்கள். எக்ஸ்ரே பார்ட்டி வண்டி டீசல் போட கேம்ப்புக்குள் நுழைந்தது. அதுவரை அவர்கள் உள்ளே வந்ததே இல்லை. வண்டி மெஸ்ஸைத் தாண்டும்போது சட்டென்று நின்றது. அந்த வெள்ளைக்காரர் பெட்டியைப் பிடித்தபடி இறங்கினார். கதிர்வீச்சை அளக்கும் அந்தப் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டது. எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போலத்தான் முதலில் இருந்தது. அவர் ஓரடி எடுத்து வைக்க வைக்கப் பிரித்தறிய முடியாத ஒரே இரைச்சலாகிவிட்டது. அவர் ஒரு பக்கம் திரும்பினார், குறைந்தது. மறுபக்கம் திரும்பினார், கூடியது. தட்டுகளோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவர் முகம் போன திசையைப் பார்த்தோம். டெய்லர் அண்ணன் கடை.

அவர் கடைக்குப் போகவில்லை. எட்டத்திலேயே நின்றுகொண்டு, வெளியே வா, வெளியே வா என்று ஆங்கிலத்தில் கத்தினார். ஒரு பெரிய ஆள், கையில் கருவி வைத்திருப்பவர், பிளைவுட் அறை ஒன்றைப் பார்த்துப் பயந்து நிற்கிறார். எங்களில் யாரும் சொல்லாமலே எல்லோரும் பின்னால் நகர்ந்தோம்.

டெய்லர் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அப்படி இளைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வலது கையில் துணி சுற்றியிருந்தது. வெள்ளைக்காரர் கத்துவதையும் கூட்டம் கூடி நிற்பதையும் பார்த்து அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியிருக்கிறது.

"நான் எதையும் திருடலீங்க" என்றார். "தம்பி, அவருகிட்ட சொல்லுங்க. என்னத்தத் தேடுறாக?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த மனிதர் விரலைக் காட்டி, எஃகு, இவ்வளவு சின்னது, நுனியில் குமிழ் என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் முகத்தில் நிம்மதி வந்துவிட்டது. "இதுக்கா இம்புட்டு? கேட்டுருந்தா அன்னைக்கே குடுத்துருப்பனே" என்று உள்ளே போய், ஆணியிலிருந்து எடுத்து, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். பெரியவர்களுக்குக் கொடுப்பதைப் போல, வலக்கையை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தாங்கி, வெள்ளைக்காரரை நோக்கி நடந்தார்.

வெள்ளைக்காரர் பின்னோக்கி ஓடினார். திரும்பி ஓடவில்லை, அண்ணனைப் பார்த்தபடியே, தடுமாறி, கையை வீசி வீசி, போடு போடு என்று அலறிக்கொண்டு ஓடினார். அவர் ஓட ஓட, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் வேகமாக நடந்தார். வாங்க மாட்டேன் என்கிறாரே என்று அவருக்குக் குழப்பம். பெட்டியின் இரைச்சலில் எனக்கு என் குரலே கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அண்ணே, கீழ போட்டுருங்க! கையில வச்சிருக்காதீங்க! கீழ போடுங்க!"

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். போடவில்லை, அடுத்தவர் பொருள் அல்லவா, குனிந்து மணலில் மெதுவாக வைத்தார். வைத்துவிட்டு அது உருண்டு போகாமல் சுற்றி மணலைக் கொஞ்சம் கூட்டினார்.

அன்று மாலைக்குள் நீண்ட இடுக்கிகளோடும் ஈயப் பெட்டியோடும் ஆட்கள் வந்து அதை எடுத்துப் போனார்கள். டெய்லர் அண்ணனையும் அண்ணாச்சியையும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வட இந்தியர், ஆங்கிலமும் இந்தியும்தான் பேசினார். அண்ணனுக்கு இரண்டும் வராது என்பதால் என்னைக் கூட வைத்துக்கொண்டார்கள். கேம்ப்பில் அதற்குள் தொற்றுநோய் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அவர் தைத்த சட்டைகளைச் சிலர் கழற்றி எரித்ததாகக் கேள்விப்பட்டேன். நான் டாக்டரிடம் முதலில் கேட்டதே அதுதான். இல்லை, அவரைத் தொட்டால் ஒன்றும் வராது, அவர் தொட்ட துணியில் ஒன்றும் இல்லை, விளக்கை எடுத்துவிட்டால் வெளிச்சம் அறையில் தங்குமா என்று டாக்டர் கேட்டார். நான் அண்ணனின் கட்டிலில் உட்கார்ந்தேன்.

டாக்டர் மற்றதையும் சொன்னார். ரத்தம் ஊறும் இடமே கெட்டுவிட்டது, கையைப் பற்றி யோசிக்கக்கூட அவகாசம் இருக்காது என்றார். நோயாளிக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நான் அண்ணன் பக்கம் திரும்பி, "கொஞ்ச நாள் ஆகுமாம்ணே" என்றேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்தார். "டாக்டரு அம்புட்டு நேரம் பேசுனாரு. நீங்க ஒத்த வார்த்தையில முடிச்சுப்புட்டீக." பிறகு அவரே என்னைத் தப்புவித்தார். வேறு கேட்கவில்லை.

அவர் கேட்டதெல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான். அண்ணாச்சி எப்படி இருக்கிறார், பெஞ்சில் உட்காருகிற வெல்டர் எப்படி, அவர் பக்கத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாரே அந்தப் பெயின்டர் எப்படி. எல்லோருக்கும் சோதனை செய்கிறார்கள், தேறிவிடுவார்கள் என்றேன். அது உண்மையும்கூட. அண்ணாச்சி நெடுநாள் படுத்திருந்து பிழைத்து ஊர் போனார். பெஞ்சுக்காரர்களும் மெல்லத் தேறினார்கள். ஆனால் அண்ணனுக்கு அது போதவில்லை. ஒரு நாள் மத்தியானம், உதடெல்லாம் வெடித்துப் பேசவே சிரமப்பட்ட நிலையில், கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"எல்லாரையும் நாந்தான தம்பி கூப்புட்டேன். போற ஆளையும் விடாம வாங்க வாங்கன்னு கூப்புட்டு அதுக்குப் பக்கத்துலயே உக்கார வச்சேன்."

"ஒங்களுக்குத் தெரியுமாண்ணே? தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியல. ஆனா கூப்புட்டது நாந்தான." கண்ணைத் திறந்தார். "நீங்க கோவிச்சுக்கிட்டு வராமப் போனீகளே, அது எம்புட்டு நல்லதாப் போச்சு. அதை நெனச்சாத்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு."

அந்த வாரமே அவர் போய்விட்டார்.

கடையிலிருந்த எல்லாவற்றையும் கம்பெனி ஒரு பள்ளத்தில் போட்டு மூடியது. மெஷின், விசிறி, டிரான்சிஸ்டர், தைத்து முடித்து மடித்து வைத்திருந்த உடுப்புகள், பாதி வெட்டிய துணிகள், பிளைவுட் பலகைகள். தேவையில்லை என்று டாக்டர் சொன்னதை நான் கேம்ப் பாஸிடம் சொல்லிப் பார்த்தேன். இருக்கட்டும், ஆட்கள் பயப்படுகிறார்கள், கலாஸ், பேச்சு முடிந்தது என்றார். மணலை ரோலர் வைத்துச் சமப்படுத்தினார்கள். வேலை முடிந்து கேம்ப்பும் போனது. இப்போது நான் ஷார்ஜாவில், முவைலாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் தெருவுக்கு அருகே கட்டடம் எழும்பும்போது சில சமயம் கயிறு கட்டி, மஞ்சள் பலகை வைத்து, விளக்கைச் சுழலவிட்டு, யாரும் நெருங்காதபடி ஆளை நிறுத்துகிறார்கள். பேரன் அது என்ன தாத்தா என்று ஆங்கிலத்தில் கேட்டான். எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்றேன். கட்டடத்துக்கா என்று சிரித்தான். மேற்கே போகும் அந்தச் சாலையில் ஒருமுறை மகன் காரில் போனோம். பள்ளம் எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருபுறமும் வேலி, வேலிக்கு அப்பால் குழாய்கள். எங்கோ அந்த மண்ணுக்குக் கீழே ஒரு தையல் மெஷின் இருக்கிறது என்று நான் மட்டும் நினைத்துக்கொண்டு போனேன்.

தள்ளிப்போன என் லீவு அண்ணன் இறந்த மறு வருடம்தான் கிடைத்தது. அண்ணன் குடும்பத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் எழுதிவிட்டுப் பரமக்குடிக்குப் போனேன். பஸ் நிலையத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவர் காத்திருந்தார். அந்தக் கம்பியைக் கண்டெடுத்த இளைஞர். தொடையில் சதையை வெட்டி எடுத்திருந்தார்கள்; மதுரையில் மூன்று தடவை ஆபரேஷன். நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தார். என்னோடு வந்தவர், ஊர் நெருங்கியதும் நின்றார்.

"நான்தான் அத எடுத்துக் குடுத்தேன்னு டெய்லர் அண்ணன் வீட்டு அக்காவுக்குத் தெரியும்ணே. நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சாப்புட்டியான்னு கேட்டாக."

அண்ணனின் மனைவி எங்களைப் பாயில் உட்காரவைத்தார். கம்பெனி அனுப்பிய காகிதத்தில் நோய் என்று மட்டும் போட்டிருந்ததாம். ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், என்னதான் நடந்தது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியத்தையும் சொன்னேன், அவர் மணலைக் கூட்டி வைத்ததையும் சொன்னேன். அழாமல் கேட்டார். அழுகையெல்லாம் அந்த ஒரு வருடத்தில் தீர்ந்திருக்க வேண்டும். பிறகு எழுந்து போய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து, பிரிக்காமல் தனக்கும் எனக்கும் நடுவே தரையில் வைத்தார். நோய்வாய்ப்படுவதற்குச் சற்று முன்னால், லீவில் வந்த யாரிடமோ மகளுக்கென்று அண்ணன் கொடுத்தனுப்பிய கவுன். வளரட்டும் என்று பெரிதாகத் தைத்திருந்தாராம். செய்தி வந்த பிறகு, வீட்டில் வைக்காதே, எரித்துவிடு என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். எரிக்கவும் மனம் வரவில்லை, போடவும் பயம்.

"இத பிள்ளைக்குப் போடலாமா?" என்றார்.

"போடலாம். ஒண்ணும் ஆகாது."

"டாக்டரு சொன்னாரா, இல்ல எனக்காக நீங்க சொல்றீகளா?"

"டாக்டர்கிட்ட நானே கேட்டேன். துணியில எதுவும் தங்காதுன்னு சொன்னாரு."

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். எதையோ ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டேனா என்று பார்ப்பதைப் போல இருந்தது. அப்புறம் மகளைக் கூப்பிட்டார். ஆறேழு வயதுச் சிறுமி. பொட்டலத்தைப் பிரித்து, மஞ்சள் துணியில் தைத்த அந்தக் கவுனை உதறி, தலைவழியே மாட்டி, முதுகுப் பித்தானைப் போட்டு, தோளை இழுத்துச் சரிசெய்தார். அளவு சரியாக இருந்தது. சிறுமி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் பேசியதை அவர்களும் கேட்டிருப்பார்கள். யாரும் கிட்டே வரவில்லை. சிறுமி நடுத்தெருவில் தனியாக நின்றாள். வாசற்படியில் நின்ற அவள் அம்மாவின் கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது. கடைசியில், எல்லோரிலும் சின்னவளாக ஒருத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கவுனின் ஓரத்தைப் பிடித்து, அந்த நெருக்கமான தையலை விரலால் தடவிப் பார்த்து, "யாரு தச்சது?" என்று கேட்டாள்.

"எங்கப்பா" என்றாள் சிறுமி.